தொடக்கப்பள்ளி அறிவியல் ஆசிரியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எப்படி நடத்துவது என்று பேசுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, நடத்துகிற பாடம் நமக்கே புரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்பது சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவு. நம்மில் பலர் பள்ளிப்படிப்போடு அறிவியலை விட்டவர்கள். மொழி, கணக்கு, ஓவியம் என எல்லாவற்றையும் ஒரே ஆளாக நடத்துகிறவர்கள். தெரியவில்லை என்று சொல்ல இங்கே யாரும் கூச வேண்டியதில்லை என்று சொல்லித்தான் தொடங்கினோம். மாதக் கூட்டங்கள் தடைபடாமல் நடந்தன. தேர்வு நேரத்தில் மட்டும் வருகை குறைந்தது.

முதல் கூட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு ஒயர். பல்பு எரிய வேண்டும், அவ்வளவுதான். பலரும் பல்பின் அடிமுனையிலேயே மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் இழையின் ஒரு நுனி அடிமுனையிலும் மறு நுனி பக்கவாட்டு உலோகத்திலும் முடிகிறது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. மின்சுற்றுப் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்தவர்கள்தான் நாம் எல்லோரும்.

அடுத்து, கோடைக்காலம் ஏன் வருகிறது என்று பெயர் போடாமல் சீட்டில் எழுதச் சொன்னோம். 'பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்' என்றுதான் பெரும்பாலான சீட்டுகளில் இருந்தது. 1987-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 23 பேரிடம் பருவகாலம் பற்றியோ பிறை பற்றியோ கேட்டபோது 21 பேர் தடுமாறினார்கள் என்று சொன்ன பிறகே அறையில் இறுக்கம் தளர்ந்தது. பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கி.மீ. தூரத்தில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். மிகத் தொலைவில் போகும் ஜூலையில்கூடத் தூரம் 15.2 கோடிதான். காரணம் 23.5 டிகிரி அச்சுச் சாய்வு. சுற்றுப்பாதையை முட்டை மாதிரி நீட்டி வரையும் படங்கள்தான் இந்தக் குழப்பத்துக்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து. உண்மையில் அது ஏறக்குறைய வட்டம்.

இந்த ஆண்டில் என் மனதில் நின்றது மெழுகுவத்திக் கூட்டம். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த டம்ளர். தண்ணீர் ஏறுகிறது, ஆக்சிஜன் தீர்ந்த இடத்தை நிரப்புகிறது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்திருக்கிறோம். ஓர் ஆசிரியை தட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "எரியும்போது அவ்வளவாக ஏறவில்லையே, அணைந்த பிறகுதானே விறுவிறுவென்று ஏறுகிறது?" என்றார். அப்புறம் மூன்று மெழுகுவத்தி வைத்துச் செய்தோம். டம்ளரும் அதேதான், ஆக்சிஜனும் அதே அளவுதான். தண்ணீர் மட்டும் இன்னும் உயரமாக ஏறியது. சூட்டில் விரிந்த காற்று முதலிலேயே டம்ளர் விளிம்பு வழியாகக் குமிழியாக வெளியேறிவிடுகிறது. மிச்சக் காற்று ஆறும்போது சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஏறுவதில் பெரும்பங்கு இதனால்தான். இதே கேள்வியை முன்பு ஒரு பயிற்சி முகாமில் நான் கேட்டபோது, 'புத்தகத்தில் உள்ளபடி சொல்லுங்கள், போதும்' என்று உட்கார வைத்துவிட்டார்கள். அந்த வருத்தம் அன்றுதான் தீர்ந்தது.

இதன் பலன் வகுப்பிலும் தெரிகிறது. குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கத்து நீர்த்துளி உள்ளேயிருந்து கசிந்தது என்று ஒரு பையன் அடித்துச் சொன்னானாம். 'தப்பு' என்று முடிக்காமல், தண்ணீருக்குச் சாயம் கலந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் நம் உறுப்பினர். துளியில் சாயம் இல்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வகுப்பே கேட்க ஆரம்பித்துவிட்டதாம். பாடம் தெளிவாகத் தெரிந்த ஆசிரியருக்குத்தான் அந்த இடத்தில் நிதானம் வரும்.

செய்யாமல் விட்டதும் உண்டு. உயிரியல் பக்கம் போகவே இல்லை. மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு வரும் ஆண்டின் முதல் கூட்டத்தைத் தொடங்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பிள்ளைகள் கேட்டு நீங்கள் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்