தொண்டையை விடுங்கள், அலகைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோஸ்ட்டா ரிக்காவின் ஹம்மிங்பேர்டுகள், அதாவது ஓசனிச்சிட்டுகள் பற்றிய கட்டுரையில், செவ்வால் ஓசனிச்சிட்டைத் தொண்டையின் பச்சை மினுமினுப்பை வைத்துக் கண்டுகொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். களத்தில் அது கைகொடுக்காது. அந்தப் பச்சை சாயமல்ல. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. சூரியன் நம் முதுகுப்பக்கம் இருந்தால் சுடர்விடும். பறவை தலையைச் சற்றே திருப்பினால் கரிபோல ஆகிவிடும்.

முதலில் அலகு: சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. அடுத்து வால்: செங்கல் பழுப்பு, அந்தரத்தில் நிற்கும்போது விரிக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். வயிறு சாம்பல். தொண்டையிலிருந்து அடிவயிறு வரை ஒரே இலவங்கப்பட்டை நிறமென்றால் அது வேறு இனம். குவானகாஸ்தே போன்ற வறண்ட பசிபிக் சரிவுகளில் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும். அலகு நீண்டு வளைந்து, வால் நடுவில் இரண்டு வெள்ளை இறகுகள் நீட்டிக்கொண்டிருந்தால், அது காட்டுக்குள் ஹெலிகோனியா பூக்களைச் சுற்றுப்பாதை போட்டுத் தேடிப்போகும் ஹெர்மிட் என்ற இன்னொரு வகை ஓசனிச்சிட்டு.

செவ்வாலோ ஒரு செடியைச் சொந்தம் கொண்டாடும் சண்டைக்காரன். துரத்திக்கொண்டு நாம் அலைய வேண்டியதில்லை. பூத்த சீமை நாயுருவிப் புதரிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி அசையாமல் நின்றால் போதும். வந்த பறவையையெல்லாம் விரட்டிவிட்டு, பெரும்பாலும் அதே குச்சியில் வந்து உட்காரும். இருநோக்கியை (எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் 8×42 தாராளம்) அந்தக் குச்சியில் முன்கூட்டியே குவித்து வையுங்கள். பூவில் பறக்கும்போது இருநோக்கியைத் தூக்குகிறவர்களுக்கு வெறும் இலைதான் தெரியும்! படமெடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை நொடியில் 2000-இல் ஒரு பங்காக வைத்தாலும் சிறகு கலங்கலாகவே விழலாம். அலகும் வாலும் தெளிந்தால் இனம் சொல்லிவிடலாம்.

நிறம் பார்த்து ஆண், பெண் என்று குறிப்பதிலும் அவசரம் கூடாது. வெண்கழுத்து ஜாக்கோபின் என்ற ஓசனிச்சிட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண் ஆணின் நீலத் தலையோடு திரிகிறது என்று 2021-இல் வெளியான பனாமா ஆய்வு காட்டியது.

கட்டுரையோடு வந்த படத்தில், காம்பைக் காலால் பற்றிக்கொண்டு தேன் குடிப்பது ஓசனிச்சிட்டு அல்ல, தேன்சிட்டு. அமெரிக்கக் கண்டங்களில் தேன்சிட்டே கிடையாது. படக்குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பறவை நோக்கும் வாசகர்