கரண்டை நிறுத்தும் முன் ஒரு போன்

மின் விநியோக அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திங்கள்கிழமை குறைதீர் நாளில் இரண்டு முறை மனு கொடுத்தாயிற்று. ஆறு வயது மகள், தசைநார்ச் சிதைவு, தொண்டையில் குழாய், வென்டிலேட்டர். கேட்டது ஒன்றுதான்: கரண்டை நிறுத்தும் முன் ஒரு போன்.

போன செவ்வாய்க்கிழமை அது வரவில்லை. காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. கிளை வெட்டுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பதினொன்றரைக்கு இன்வெர்ட்டர் ஓய்ந்தது. மெஷினுக்குள் இருக்கும் பழைய பேட்டரி இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியது. அப்புறம் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கைக் குழாயில் மாட்டி நானும் மாமியாரும் மாறி மாறி அமுக்கினோம். மூன்று நொடிக்கு ஒரு தடவை. சக்ஷன் மெஷினும் ஓடாததால் பெரிய சிரிஞ்சில் டியூப் மாட்டித்தான் சளியை இழுத்தோம். கரண்ட் வந்தபோது மணி 2.10. கணக்குப் போட்டால் இரண்டாயிரம் அமுக்கு. ரப்பர் மரத்தில் பால்வெட்டிப் பழகிய கை, மாமியாருக்குத் தாங்கியது; எனக்கு மரத்துப்போனது. பிள்ளை எங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளை வெட்டக் கூடாது என்று சொல்லவில்லை. ரப்பர் மரமும் இரண்டு மழைக்காலமும் உள்ள ஊரில் வெட்டித்தான் ஆகவேண்டும். 2017 ஒக்கிப் புயலில் கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம்; நல்லவேளை, இவள் அப்போது பிறக்கவில்லை. புயலை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை வேலை நீங்களே நாள் குறித்துச் செய்வது அல்லவா? பில் கட்டும் தேதி நெருங்கினால் என் போனுக்குத் தவறாமல் மெசேஜ் வருகிறது. ஆக, நம்பர் உங்களிடம் இருக்கிறது.

உங்களை மட்டும் சொல்வானேன். "வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம்" என்று மெஷினோடு அனுப்பிய ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட, உங்கள் ஊரில் கரண்ட் எப்படி என்று கேட்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாமியாரின் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். மாத்திரை வரும் வீட்டுக்கு ஒரு போன் வராதா?

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வென்டிலேட்டர் உள்ள வீடுகளைத் தனியாகக் குறித்துவையுங்கள். நிறுத்துவதற்கு முந்தின நாளே போன் செய்யுங்கள். நேரம் நீண்டால், எத்தனை மணிக்கு வரும் என்று இன்னொரு போன். நடுராத்திரி என்றாலும் தயங்க வேண்டாம் ஐயா, இந்த வீட்டில் ஒருவர் எப்போதும் விழித்திருப்போம்.

இப்படிக்கு,
ஒரு தாய், கன்னியாகுமரி மாவட்டம்