வாசலில் எந்தப் பூமரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு முன்புறம் வைக்க ஏற்ற பூமரங்கள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கொள்ளை அழகு. ஆனால் குல்மோஹருக்கு முதலிடம் கொடுத்ததைக் கடலூர்க்காரியான என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வாசலிலும் ஒன்று இருந்தது. மே மாதம் வந்தால் தெருவே செக்கச்செவேலென்று கிடக்கும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, அது காம்பவுண்டு சுவரையும் சன்ஷேடையும் இடித்துக்கொண்டு படுத்துவிட்டது. பெயர்ந்து கிடந்த வேரைப் பார்த்தேன். அகலம் ஓர் ஆள் உயரம், ஆழம் முழங்கால் அளவுகூட இல்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். கட்டை லேசு, வேர் மேலாகவே ஓடும். பூங்காவில் தாராளமாக நிற்கட்டும், வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியில் வேண்டாம். அதே புயலில் தெருக்கோடிப் புன்னை இரண்டு கிளை முறிந்ததோடு தப்பித்தது.

அந்தக் குழியில் இப்போது நிற்பது சரக்கொன்றை. விதை போட்டு வளர்த்தது. முழ நீளக் கறுப்புக் காயை உடைத்தால் உள்ளே அறை அறையாக இருக்கும். அறைக்கு ஒரு விதை, புளி மாதிரி ஒட்டும் சதை. விதையை அப்படியே ஊன்றினால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். தோல் அவ்வளவு கெட்டி. ஓரத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டேன். பத்தில் ஆறு முளைத்தது. பூக்க ஏழு வருஷம் ஆனது. அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது.

மூன்றாம் வருஷம் மழை விட்டதும் இலையெல்லாம் பச்சைப் புழு. 'மருந்து அடிச்சிடுங்க, முருங்கைக் கம்பளிப்பூச்சி மாதிரி வீட்டுக்குள்ள வந்துடும்' என்று மாடி வீட்டு அக்கா பயந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். முடியே இல்லை, வழவழவென்று இருந்தது. பக்கவாட்டில் வெளிறிய கோடு ஒன்று. சரி, தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். கொஞ்ச நாளில் வாசல் முழுக்க எலுமிச்சை நிறப் பட்டாம்பூச்சிகள். மொட்டையான கிளையும் துளிர்த்துவிட்டது. இப்போது அக்காவே சித்திரையில் கொத்து ஒடித்துப் போகிறார்.

இடம் கொஞ்சம்தான் என்பவர்கள் பவழமல்லி வைக்கலாம். விடியற்காலையில் கோலத்தின் மேலேயே கொட்டிவிடும், கூட்ட மனசு வராது. புதுச்சேரியின் மாநில மலரான நாகலிங்கப் பூ எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் பீரங்கிக் குண்டு போன்ற அதன் காய், பிள்ளைகள் விளையாடும் வாசலுக்கு ஆகாது.

கட்டுரையில் ஒரு வரிகூட வராத மரம் பாதிரி. எங்கள் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் பகுதியில் இருக்கும் பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம். அந்த ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது. நாங்கள்தான் வாய்க்குச் சுலபமாகத் திருப்பாப்புலியூர் என்று சொல்லி மரத்தைப் பாதி விழுங்கிவிட்டோம். போன மாதம் ஒரு நர்சரியில் பாதிரிக் கன்று கேட்டேன். 'அது ஊர் பேராச்சேம்மா' என்றார் அங்கிருந்த பையன். பக்கத்தில் வரிசையாகக் குல்மோஹர் கன்றுகள்.

பாதிரிக் கன்றோ விதையோ எங்கே கிடைக்கும் என்று தெரிந்த வாசகர்கள் இருந்தால், அடுத்த இதழில் வெளியிடுங்கள். பின்கட்டில் குழி வெட்டி, எரு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.