மணத்தக்காளி

அன்பு மகள் மீனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பின்வாசல் முருங்கை காய்த்துத் தொங்குகிறது, பறிக்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்குப் பேச்சு குழறியது. கேட்டதற்குச் சுடுகாபி நாக்கைப் பொசுக்கிவிட்டது என்றாய். சரி. ஆறி ஏடு படிந்த காபியைத்தான் நீ சின்ன வயதிலிருந்து குடிப்பாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

தூங்குகிறாயா? பிள்ளை இரவில் எத்தனை தடவை எழுகிறான்? தூக்கம் கெட்டால் உனக்கு என்ன ஆகும் என்பது வள்ளியூர் கல்யாணத்திலேயே தெரிந்ததுதானே. ஒரு வேளைப் பாலைப் பிழிந்து பிரிட்ஜில் வைத்துவிட்டுப் படு. நடுச்சாமத்தில் மாப்பிள்ளை எழுந்து கொடுக்கட்டும். அவருக்கும் பிள்ளைதானே.

பாலில் இறங்கிவிடும் என்று பயந்து வலிப்பு மாத்திரையைக் குறைத்துவிடாதே. உன் மாமியார் சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டில் சொன்னாலும் சரி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை ஆஸ்பத்திரியில் 1998 முதல் உன்னைப் போன்ற கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, பிறக்கும் பிள்ளைகளையும் கவனித்து வருகிறார்கள். அங்கே டாக்டர் அம்மா என்ன சொன்னார்? வயிற்றில் இருந்தபோது பிள்ளைக்குப் போன மருந்தைவிடப் பாலில் போவது குறைவு, தாராளமாகக் கொடு என்றார். நானும் கூட இருந்து கேட்டேன். வால்ப்ரோயேட் மாத்திரை சிசுவுக்கு ஆகாது என்று கல்யாணத்துக்கு முன்பே லாமோட்ரிஜினுக்கு மாற்றியதும், கர்ப்பத்தில் ரத்தத்தில் அதன் அளவு குறைந்துவிடுகிறது என்று கூட்டியதும், பெற்ற பிறகு குறைத்ததும் அவர்கள்தான். நாமாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கி, விழுங்கியதும் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டாய். அந்தக் காலண்டரை நான் இன்னும் கழற்றவில்லை. அவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தவளுக்கு இப்போது என்ன வந்தது?

பிள்ளையைத் தனியாகக் குளிப்பாட்டாதே. கட்டிலில் வைத்துப் பால் கொடுக்காதே. தரையில் பாய் விரித்துச் சுவரில் சாய்ந்துகொள். துணி மாற்றுவதும் தரையில்தான். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாதே. தூங்கு. மாடிப்படியில் அவனைத் தூக்கிக்கொண்டு நீ ஏறாதே. தூங்கு மக்களே.

பெண் பார்க்க வந்த அன்று உன் மாத்திரைகளை ஒவ்வொன்றாக அட்டையிலிருந்து பிதுக்கி, கால்சியம் டப்பாவில் போட்டு வைத்தேன். கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லச் சொன்னேன். கல்யாணச் சட்டத்திலிருந்தே வலிப்பு என்ற சொல்லை 1999இல் எடுத்துவிட்டார்கள், எதற்கு ஒளிக்கிறாய் என்று அப்பா கேட்டார். அவர் வாயை அடைத்தேன். நிச்சயத்துக்கு முந்தின நாள் நீயே மாப்பிள்ளைக்கு போன் செய்து சொன்னாய். அதற்காக எட்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் விழுந்தபோது உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தவளும் நான்தான், அது அறியாமை. டப்பா அப்படியில்லை. எனக்குத் தெரிந்தேதான் செய்தேன். இன்றைக்கு நீ என்னிடம் காபி என்கிறாய். யாரைக் கோபிப்பது?

மாப்பிள்ளைக்காவது சொன்னாயா?

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அப்பா சித்தி வீட்டில் சாப்பிட்டுக்கொள்வார். நான் இருக்கும்வரை இரவில் பிள்ளை என் பக்கத்தில் படுக்கட்டும். பாலுக்கு மட்டும் உன்னை எழுப்புகிறேன். முருங்கைக்காயோடு மணத்தக்காளிக் கீரையும் ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருகிறேன். நாக்குப் புண்ணுக்கு நல்லது, எதனால் வந்த புண்ணாக இருந்தாலும்.

அம்மா