அந்தத் தண்ணீர்க் கேன் எதற்கு, மாப்ள?

நம்பியூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதம் இன்னும் மேஜை மேலேயே இருக்கிறது. பதில் போடாதது என் தப்புதான். அம்மா நலம். மாடு இரண்டும் கன்று போட்டுவிட்டன. வாத்தியார் போன வாரம் வந்திருந்தார், பெருந்துறைக் கணக்கு இன்னும் பாக்கி என்று உன்னிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உடுமலையில் நீ பார்த்து வைத்திருக்கும் வண்டியின் படங்களை உன் தம்பி எனக்குக் காட்டினான். 2012 மாடல், டீசல், ஏழு சீட், ஒரே ஓனர், விலை 4,80,000. செவ்வாய்க்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாயாம். போனில் சொன்னால் "சரி சரி, பார்த்துக்கறேன்" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதி அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். முழுசாகப் படி.

பெயிண்ட் நன்றாக இருக்கிறது, டயரும் புதுசு. ஆனால் ஐந்தாவது படத்தைப் பார். கடைசி சீட்டுக்குப் பின்னால், ஜாக்கிக்குப் பக்கத்தில், இரண்டு தண்ணீர்க் கேன் இருக்கிறது. ஒன்று பாதி காலி. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஏனென்றால் என் வண்டியிலும் அப்படி ஒரு கேன் ஆறு மாதமாக இருந்தது.

தாளவாடியில் ஒறம்பரை வீட்டு நிச்சயத்துக்குப் போனோம் என்று கேள்விப்பட்டிருப்பாய், என்ன நடந்தது என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மா, பெரியம்மா, பசங்க இரண்டு பேர், பின்னால் சீர்த்தட்டு. பண்ணாரியில் கும்பிட்டுவிட்டுத் திம்பம் ஏறினோம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது தாண்டும்போது ஏசியில் சூடான காற்று வந்தது. அது என்ன என்று பார்ப்பதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டினேன். பானெட் இடுக்கிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்தது.

நான் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிட்டேன். மேலிருந்து இறங்கிய கர்நாடகா லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும், 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் திறந்த நொடியில் முகத்தில் அடிக்கும் என்றார். அவர் முழங்கையிலிருந்து விரல் வரை தோல் வெள்ளையாகச் சுருங்கி இருந்தது. அதைக் காட்டிவிட்டுத்தான் போனார். அந்த மனிதர் பெயரைக்கூடக் கேட்கவில்லை மாப்ள.

யானை நடமாடும் காடு. அம்மா கல் மேல் உட்கார்ந்து பண்ணாரி ஆத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு ஒரே வெசனம். சின்னவன் "அப்பா, தண்ணிதான் அடிக்கடி ஊத்துனீங்களே" என்று கேட்டான். ஆமாம், ஊற்றினேன். வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மூன்று நாளுக்கு ஒரு தடவை. குறைந்தால் ஊற்றினால் போதும் என்று இருந்துவிட்டேன். ஊற்றின தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

டோ வண்டிக்கு 6,500. கோபியில் நம் சங்ககிரி அண்ணன் பட்டறையில் இறக்கினோம். அவர் முதலில் ஆயில் குச்சியை உருவினார். பால் காப்பி நிறம், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. ஒன்றும் பேசாமல் துடைத்து வைத்துவிட்டு, ரேடியேட்டர் வாய்க்குள் விரலை விட்டுச் சுரண்டி எடுத்துக் காட்டினார். செங்காவிச் சேறு, அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் செதில். நம் வீட்டு வென்னீர்ப் பானை அடியில் ஓடு மாதிரி ஒட்டியிருக்குமே, அதே உப்பு. எங்கள் காட்டு போர்த் தண்ணீர்! 800 அடிக்குக் கீழிருந்து வரும் அந்தத் தண்ணீரைத்தான் இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்ற வேண்டிய கூலன்ட்டுக்குப் பதிலாக நானும், எனக்கு முன்னால் வைத்திருந்தவரும் ஊற்றியிருக்கிறோம். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய் பாதி அடைத்துவிட்டது. துருவில் வாட்டர் பம்ப்பின் இறக்கை தேய்ந்திருந்தது. சமவெளியில் ஓடும்போது தெரியாது. மலை ஏறும்போது இன்ஜினுக்கு வேலை அதிகம், முன்னால் அடிக்கும் காற்று கம்மி. சூடு ஏறியது, இன்ஜின் மேல் மூடி மாதிரி இருக்கும் அலுமினிய ஹெட் கோணியது, அதற்கடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போனது.

ஹெட்டைக் கழற்றிக் கோயமுத்தூர் லேத்துக்கு அனுப்பினோம். விரிசல் இருந்தால் புது ஹெட், அதற்கு ஒரு லட்சம் எடுத்து வை என்று அண்ணன் சொல்லிவிட்டார். பிரஷர் டெஸ்ட் முடிந்து போன் வரும் வரை சோறு இறங்கவில்லை. விரிசல் இல்லை, கோணிய முகத்தைச் சமமாகச் சீவினால் போதும் என்றார்கள். டீசல் இன்ஜினுக்கு ஹெட் கேஸ்கெட்டே பல கனத்தில் வருமாம், ஓரத்தில் இருக்கும் ஓட்டையை எண்ணித்தான் வாங்க வேண்டுமாம். சரியான கனம் பார்த்து வாங்க அண்ணனே நேரில் போய்விட்டு வந்தார். ரேடியேட்டர் 9,800, பம்ப் 3,600, லேத் வேலை 7,500, கூலி 16,000. ஆயில், தெர்மோஸ்டாட், டோ எல்லாம் சேர்த்து 58,200. ஒரு லிட்டர் கூலன்ட் என்ன விலை என்று நீயே கேட்டுப் பார்.

இதற்கு முன்னால் வண்டிக்கு ஆனதைச் சொல்ல வேண்டுமா? வாங்கின மூன்றாம் மாதம் கிளட்ச் செட், பேரிங்கோடு 19,000. எங்கள் இட்டேரி மண் பாதையில் ஓடி லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் ஆட்டம் கண்டு 11,500. அதெல்லாம் தேய்கிற சாமான், பழைய வண்டி என்றால் இருக்கும், நான் குறை சொல்லவில்லை. எரிச்சல் வந்தது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ விஷயத்தில்தான். இழுவை இல்லை, கருப்புப் புகை. ஒரு பட்டறையில் டர்போவையே மாற்ற வேண்டும், 35,000 ஆகும் என்றார்கள். சங்ககிரி அண்ணன் கையை விட்டுத் தடவிப் பார்த்தார், டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. 1,200 ரூபாயில் முடிந்தது. அன்றிலிருந்து இரண்டாவது ஆளிடம் காட்டாமல் நான் எதையும் மாற்றுவதில்லை.

உன் வேலை தினமும் வால்பாறை ஏறுவது. ஆழியாறு தாண்டினால் 40 வளைவு. என் வண்டி வருஷத்துக்கு இரண்டு தடவை மலை ஏறியே இந்தக் கதி. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வண்டியைப் பார்க்கப் போ, ஆனால் கையில் பணம் கொண்டு போகாதே. காலையில் போ, வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடு. போனதும் பானெட் மேல் கையை வை. சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்து இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார். பச்சை, சிவப்பு என்று ஏதாவது கலர் கூலன்ட் இருக்க வேண்டும். துருக் காவி வந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறதா என்றும் பார். மீட்டர் 88,000 காட்டுகிறது என்று தம்பி சொன்னான். பிரேக் பெடல் ரப்பர் மழுங்கியிருந்தால் அந்தக் கணக்கை நம்பாதே. 2012 என்றால் 15 வருஷப் பதிவு 2027-ல் முடிகிறது. அப்புறம் எஃப்சி என்கிற தகுதிச் சான்று எடுத்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

நீ மேலோட்டமாகப் பார்த்து மயங்குகிறவன். அந்தப் பழைய புல்லட்டை அதன் சத்தத்துக்காகவே வாங்கினவன் நீ. அதனால் தனியாகப் போகாதே, நானும் சங்ககிரி அண்ணனும் வருகிறோம். அண்ணனுக்குப் புதன்தான் தோதுப்படும், ஒரு நாள் தள்ளி வை. அதற்குள் வேறு யாராவது வாங்கிக்கொண்டு போனால் போகட்டும்.

இன்றைக்கே அந்த வண்டிக்காரருக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேள்: அந்தக் கேன் எதற்கு? என்ன பதில் சொன்னார் என்று எனக்கு உடனே சொல்.

பண்ணாரியில் தீ மிதிக்கும் பங்குனிக் குண்டத்துக்குத் தங்கச்சியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன் மச்சான்