பூனை வளர்ப்போர் சங்கம், சென்னை: செயலாளரின் ஆண்டறிக்கை 2023–24

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி முகாம்கள் நடந்தன. கண்காட்சிக்கு நம் பட்ஜெட்டுக்குள் மண்டபம் கிடைக்கவில்லை, அதனால் நடத்தவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் நேரமும் பணமும் போனது ஓர் ஆய்வுக்குழுவுக்காகப் பூனைகளின் ரத்த மாதிரி சேகரித்ததற்குத்தான்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்ஷியன் பூனை வளர்ப்பவர்களைப் பயமுறுத்தும் நோய் பிகேடி, அதாவது பாலிசிஸ்டிக் கிட்னி டிசீஸ் என்ற பரம்பரைச் சிறுநீரக நோய். சிறுநீரகத்தில் பிறவியிலிருந்தே சிறு நீர்க்கட்டிகள் இருக்கும். அவை மெல்லப் பெருத்து, பெரும்பாலும் ஏழு வயது வாக்கில்தான் பூனை இளைக்கும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும். அதற்குள் அது பல ஈற்றுக் குட்டி போட்டிருக்கும். பிகேடி1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் காரணம் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லெஸ்லி லயன்ஸ் குழுவினர் 2004இல் கண்டறிந்தார்கள். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வர சரிபாதி வாய்ப்பு.

அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கக் கன்னத்தில் பஞ்சுக்குச்சி தேய்த்து அனுப்பினால் போதுமே, ரத்தம் எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மிடம் மாதிரி கேட்ட ஆய்வுக்குழு தேடுவது வேறு. அதே மாற்றம் உள்ள இரண்டு பூனைகளில் ஒன்று ஐந்து வயதில் படுத்துவிடுகிறது, இன்னொன்று கிழவியாகும் வரை அலமாரி மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏன்? அதற்கு முழு மரபணுத் தொகுதியையும் வாசிக்க வேண்டும், நல்ல டிஎன்ஏ நிறைய வேண்டும். பஞ்சுக்குச்சியில் வருவது கொஞ்சம், அதிலும் வாயிலிருக்கும் மீனும் கிருமியும் கலந்துவிடும். பால் குடிக்கும் குட்டி என்றால் தாயின் செல்களும் சேர்ந்து வரும்.

ஒரு பூனைக்கு எடுத்தது 2 மில்லி. நான்கு கிலோ பூனையின் உடம்பில் சுமார் 240 மில்லி ரத்தம் ஓடுகிறது, ஆகவே “குழந்தை சோர்ந்துவிடும்” என்று கவலைப்பட்டவர்கள் ஆறுதல் கொள்ளலாம். எடுத்தவர்கள் கால்நடை மருத்துவர்கள் மட்டுமே. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் உள்ள, ஊதா மூடி போட்ட குழாயில்தான் வாங்கினோம். வாங்கிய உடனே குழாயை எட்டு பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. பூனை ரத்தம் சட்டென்று கட்டி தட்டும். ரத்தச் சிவப்பணுக்களில் உட்கருவே கிடையாது, நமக்கு வேண்டிய டிஎன்ஏ வெள்ளையணுக்களில்தான் இருக்கிறது. கட்டி தட்டினால் அவை அதற்குள் சிக்கிக்கொள்ளும். அப்புறம் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைக்கலாம், ஃப்ரீசர் வேண்டாம்.

குழாயில் பெயர் எழுதும் பழக்கத்தை முதல் முகாமோடு விட்டுவிட்டோம். சங்கத்தில் லியோக்களும் கிட்டிகளும் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. இப்போது எண் மட்டும், அதுவும் ஈரத்தில் அழியாத மார்க்கரில். எண்ணுக்குரிய படிவத்தில் வயது, ஆணா பெண்ணா, தாய் தகப்பன் விவரம், ஸ்கேன் முடிவு, உரிமையாளரின் சம்மதக் கையெழுத்து. உண்மையில் ரத்தம் எடுப்பதைவிட இந்தப் படிவத்தை நிரப்ப வைப்பதுதான் பாடு. “கடையில் வாங்கினேன், தகப்பன் யாரென்று பூனைக்கே தெரியாது” என்று எழுதிக் கொடுத்தவர் உண்டு. அப்படியே எழுதுங்கள், பாதகமில்லை. ஊகித்து எழுதினால்தான் ஆய்வு கெடும்.

அமெரிக்காவுக்கே நேரடியாக அனுப்பலாமே என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி நம் நாட்டு விலங்குகளின் மரபுப் பொருளை வெளிநாட்டவர் ஆய்வுக்குப் பெற, தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆணையம் நம் தரமணியிலேயே இருக்கிறது என்பதற்காக அனுமதி நடந்து வந்துவிடாது. மாதிரிகள் உள்நாட்டு ஆய்வுக்கூடத்துக்கே போயின.

அனுப்புவதுதான் பெரிய கதை. குழாயைச் சுற்றிப் பஞ்சு, கசியாத உறை, அதற்கு மேல் கெட்டியான டப்பா, பிறகு ஜெல் ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டி. ஐஸ் குழாயைத் தொடக் கூடாது. வெளியே, தொற்றுநோய் இல்லாத விலங்கு மாதிரி என்று தெரிவிக்கும் சீட்டு. இவ்வளவும் செய்து கொண்டுபோனால், “ரத்தமா? எடுக்க மாட்டோம் சார்” என்று ஒரு கூரியர் கவுன்டரில் திருப்பி அனுப்பினார்கள். வேறொருவரைப் பிடித்தோம். திங்கள், செவ்வாய் தவிர வேறு நாளில் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தோம். வெள்ளிக்கிழமை போனால் பெட்டி ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் வெந்துகொண்டிருக்கும்.

டிசம்பரில் அந்தத் திங்களே மிக்ஜாம் புயலாக வந்தது. விமான நிலையம் மூடல், வேளச்சேரியில் கரண்ட் இல்லை, மாதிரிகளோ அங்கே ஓர் உறுப்பினர் வீட்டுக் குளிர்பெட்டியில். அவர் பெட்டியோடு முழங்கால் தண்ணீரில் நடந்து, ஜெனரேட்டர் உள்ள ஒரு கிளினிக்கில் சேர்த்தார். ஈடிடிஏ ரத்தத்தில் டிஎன்ஏ சில நாள் குளிர் குறைந்தாலும் தாங்கும் என்பதால் ஆய்வுக்கூடம் அவற்றை ஏற்றுக்கொண்டது. அவருக்குச் சங்கத்தின் நன்றி. அவர் வீட்டம்மாவுக்கும், குளிர்பெட்டியில் இனி இட்லி மாவு மட்டுமே இருக்கும் என்ற உறுதியோடு.

ஒரு குறை. வந்த பூனைகளில் பெரும்பாலானவை நோயாளிகள். பாசத்தில் அப்படித்தான் கொண்டுவருவோம், சரி. ஆனால் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது, பன்னிரண்டு வயது தாண்டியும் ஸ்கேனில் சிறுநீரகம் சுத்தமாக இருக்கும் பூனைகளை. எந்த மாற்றம் தீங்கானது என்று அவற்றோடு ஒப்பிட்டால்தான் தெரியும். பிகேடி இருந்தும் நலமாக இருக்கும் முதியவை வந்தால் இன்னும் மதிப்பு. குட்டி விற்கும் உறுப்பினர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. முடிவு உரிமையாளருக்கு மட்டுமே தெரிவிக்கப்படும், சங்கப் பதிவேட்டில்கூட ஏறாது. தெரிந்துகொண்டு அந்தப் பூனையை இனப்பெருக்கத்திலிருந்து விலக்குவது அவரவர் பொறுப்பு. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. தீர்மானமாக இன்று பிற்பகல் விவாதத்துக்கு வருகிறது.

அடுத்த சேகரிப்பு முகாம் வெயில் தணிந்த பிறகு, ஆடி கழிந்து. படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் அதையும் அங்கேயே செலுத்தலாம்.

செயலாளர்