இருபது போதும் என்றவனுக்கு

கோத்தகிரி,
ஞாயிறு மதியம்.

மாப்ளே,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பொங்கலன்று உன் அம்மா போன் செய்தபோது "இந்த வாரமே அவனுக்கு எழுதறேம்மா" என்றேன். இப்போது ஆடி. அதற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள், இன்றைக்கு என் முறை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் டீ ஃபாக்டரி ஆபீஸில் அந்த சர்வரை வைத்துக் கொடுத்தபோது என்ன சொன்னாய்? "ரூட்டுக்கு, அதான் சிஸ்டமும் டேட்டாபேஸும் குடியிருக்கிற டிஸ்க் பகுதிக்கு, 20 ஜிபி போதும்டா, உன் பேரன் காலத்துக்கும் வரும்." பேரன் இருக்கட்டும், எனக்குப் பெண்ணே அமையவில்லை, அதற்குள் டிஸ்க் ஃபுல். ஆளாளுக்குச் சொந்த ஃபைல் வைக்கும் ஹோமுக்கு மட்டும் 400 ஜிபி! அங்கே யார் குடியிருக்கிறார்கள்? நானும் கிளார்க் அக்காவும். அக்காவின் மொத்தச் சொத்து நாலு கோலப் படம்.

வெள்ளிக்கிழமை காலை. நல்ல மழை. வாசலில் கொழுந்து மூட்டைகளோடு மூன்று ஜீப். அக்கா எடையை அடித்து என்டர் தட்டினால் டேட்டாபேஸ் வாங்க மாட்டேன் என்கிறது. டிஸ்க்கில் எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் டிஎஃப் போட்டேன்: ரூட் 100 சதவீதம். ஆனால் நான் ரூட் என்ற அட்மின் பேரில் நுழைந்து ஒரு ஃபைல் போட்டால் சமர்த்தாக விழுகிறது! அந்தப் பகுதியின் ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4 தன் இடத்தில் 5 சதவீதத்தை அந்த ரூட் அட்மினுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. 20 ஜிபியில் 1 ஜிபி. ஊருக்கெல்லாம் கதவு சாத்தியாயிற்று, எனக்கு மட்டும் பின்வாசல்.

சரி, யார் தின்றார்கள் என்று ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ போட்டால் கணக்கு 8 ஜிபிதான் வருகிறது. அந்த 1 ஜிபி போக மீதி 11 எங்கே?

முதலில் உன் பழைய பாடம். நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலை அழித்த பிறகும் ஏதாவது புரோகிராம் விடாமல் பிடித்திருந்தால் பேர் போகும், இடம் திரும்பாது. எந்த ஃபைலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் போட்டேன், அப்படி ஒன்றும் இல்லை. ஐநோடு, அதான் ஃபைலுக்கு ஒன்றாகப் போகும் பதிவு, தீர்ந்ததா என்று பார்த்தேன், பாதிகூடத் தீரவில்லை. அவசரத்துக்கு சிஸ்டம் லாக்கான ஜர்னலை 200 எம்பிக்கு வெட்டினேன். ஒன்றரை ஜிபி கிடைத்தது, அக்கா தாளில் எழுதி வைத்த எடைகளை ஏற்றினார்.

திருடன் சாயங்காலம்தான் பிடிபட்டான். செவ்வாய் ராத்திரி காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனது. யுபிஎஸ் செத்து, கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழுந்துவிட்டது. பேக்கப் டிஸ்க் எழவில்லை. அதன் அடாப்டர் லூஸ். எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேபில் நீ 'வராவிட்டாலும் நிற்காதே' என்கிற நோஃபெயில் போட்டிருந்தாயல்லவா, அதனால் டிஸ்க் வராமலே பூட் ஆகியிருக்கிறது. (தப்பில்லை. நிற்காமல் பூட் ஆனதால்தான் நடுராத்திரி காட்டெருமை மேயும் பாதையில் நான் ஓடி வராமல் தப்பித்தேன்.) இரண்டு மணிக்கு, நேரம் பார்த்து வேலை தொடங்கும் கிரான் கடமை தவறாமல் பேக்கப் எடுத்தது. டிஸ்க் இல்லாத பேக்கப் டைரக்டரி என்பது ரூட்டில் இருக்கும் வெறும் காலி டைரக்டரி. 11 ஜிபியும் அதில் போய் விழுந்தது. காலையில் நானே அடாப்டரை அழுத்தி, டிஸ்க்கை அந்த டைரக்டரி மேல் மவுண்ட் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன். மேலே டிஸ்க் ஏறி உட்கார்ந்துவிட்டது. அடியில் இருப்பது டியூ கண்ணுக்குத் தெரியாது. பச்சைக் கொழுந்தைக் குவித்து மேலே தார்ப்பாய் போட்டு மறந்தால் அடியில் சூடேறிச் சிவக்குமே, அதே கதை. மிச்சமிருந்த கொஞ்ச இடத்தையும் இரண்டு நாளில் லாக் தின்று தீர்த்தது. ரூட்டை எம்என்டி என்ற டைரக்டரி கீழே இன்னொரு முறை தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து பார்த்த பிறகுதான் குவியல் கண்ணில் பட்டது.

இதற்கப்புறம் நடந்ததை வேறு யாரிடமும் சொல்லவில்லை. அழிக்க ஆர்எம் வரியை அடித்தேன். என்டர் மேல் விரல். பாதையின் முன்னால் எம்என்டி இல்லை. தட்டியிருந்தால் போயிருப்பது நிஜ பேக்கப், ஆறு வருஷக் கணக்கு. படுகர் ஊரான ஹட்டியிலிருந்து 14 கிலோ, 15 கிலோ என்று சாக்கில் கொண்டுவரும் பாட்டிக்கு அவள் கணக்கு நம்மிடம்தான் இருக்கிறது. கை நடுங்கியது மாப்ளே. வரியை அழித்துவிட்டு எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்து நின்றேன். பிறகு வந்து, டிஸ்க்கைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் அழித்தேன்.

இப்போது பேக்கப் ஸ்கிரிப்ட் முதலில் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் நின்றுவிடும். டிஸ்க் இல்லாத நேரத்தில் அந்தக் காலி டைரக்டரிக்கு சாட்ர் கமாண்டில் பிளஸ் ஐ போட்டுப் பூட்டிவிட்டேன். இனி அந்தப் பூட்டை எடுக்காமல் ரூட் அட்மினே நினைத்தாலும் அதில் எதுவும் போட முடியாது.

ஆனால் 20 ஜிபி 20 ஜிபிதானே. ஹோமில் கொஞ்சம் வெட்டிக் கொடுக்கலாம் என்றால், மகராசன், அதை எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டத்தில் போட்டிருக்கிறாய். அது வளரும், குறையாது. டேட்டாபேஸை ஹோமுக்குக் குடிமாற்றிவிட்டு பழைய பாதையில் பைண்ட் மவுண்ட் செய்யலாமா? இல்லை, புது டிஸ்க் வாங்கி, பகுதிகளைப் பின்னால் பெருக்க வசதியான எல்விஎம்மில் முதலிலிருந்து போடுவதா? எனக்கு இரண்டாவதில்தான் மனசு. முதலாளிக்கு முதலாவதில்.

நான் ஜுரத்தில் படுத்தால் இதை யார் பார்ப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்து, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது. ஹோமுக்கு மட்டும் ஏன் எக்ஸ்எஃப்எஸ் என்று எழுத எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 15 லீவுக்கு வா. காரில் வந்தால் இ-பாஸ் எடுத்துக்கொள். இல்லையேல் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறு. வாழைப்பழம் மட்டும் வாங்கி வராதே. போன தடவை வழியில் குஞ்சப்பனையில் குரங்குகளிடம் பட்டது போதும்.

உன்,
ஒல்லி